பனிச்சறுக்குத் திருப்பங்களின் வரலாறு: சென்னையில் பிறந்த ஆர்னால்டு லன்னும் ஸ்லாலம் ஓட்டமும்

மலைச்சரிவில் கீழிறங்கும் பனிச்சறுக்கு வீரர், தம் காலில் கட்டிய பலகைகளின் திசையை மாற்றி, வேகத்தையும் பாதையையும் கட்டுப்படுத்தும் முறை 'திருப்பம்' எனப்படுகிறது. நேராகச் சறுக்கி இறங்குவதற்குத் துணிவு போதும். திரும்புவதற்குத்தான் நுட்பம் தேவை. அதனால் ஆல்பைன் பனிச்சறுக்கின் வரலாறு பெரும்பாலும் திருப்பங்களின் வரலாறாகவே அமைந்துள்ளது. நார்வேயின் டெலிமார்க் பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் உருவான திருப்பங்கள் ஆஸ்திரியாவில் முறையான பாடமாகின. 1922ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் மியூரென் என்ற மலையூரில் அவை கடிகாரத்தின் அளவுகோலுக்கு உட்பட்டன. அந்த அளவுகோலைக் கொண்டுவந்த ஆர்னால்டு லன் (1888–1974), பனியே விழாத சென்னையில் பிறந்தவர். இன்று ஒலிம்பிக்கில் நடைபெறும் ஸ்லாலம் ஓட்டத்தின் அடிப்படை விதி அவர் வகுத்ததாகும்.

திருப்பத்தின் இயக்கம்

சரிவின் மேல் தண்ணீரைக் கொட்டினால் அது எந்தத் திசையில் ஓடுமோ அதுவே 'வீழ்கோடு'. பனிச்சறுக்குப் பலகை இந்தக் கோட்டை நோக்கி நின்றால் வேகம் கூடும். குறுக்காக நின்றால் குறையும். ஒவ்வொரு திருப்பத்திலும் வீரர் குறுக்கு நிலையிலிருந்து வீழ்கோட்டுக்கு வந்து, அதைக் கடந்து மறுபக்கக் குறுக்கு நிலைக்குச் செல்கிறார். வீழ்கோட்டைக் கடக்கும் அந்தச் சில கணங்களில்தான் வேகம் ஏறும். புதிதாகப் பழகுபவர் அஞ்சுவதும், அஞ்சிப் பின்னால் சாய்ந்து கட்டுப்பாட்டை இழப்பதும் அப்போதுதான்.

பலகை திரும்புவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பலகையைப் பக்கவாட்டில் வழுக்கவிட்டுத் திசையை மாற்றுவது. இதில் பலகை பனியைத் தேய்த்துக்கொண்டு போகும், வேகம் குறையும், பின்னால் அகலமான தேய்ந்த தடம் விழும். மற்றொன்று, பலகையை அதன் விளிம்பில் சாய்த்து, விளிம்பு பனியை வெட்டும் வளைவிலேயே செல்வது. பலகை முன்னும் பின்னும் அகன்று, உடுக்கையைப் போல நடுவில் ஒடுங்கியிருக்கும். அதைச் சாய்த்து எடையை ஏற்றினால் வில்லாக வளைந்து, அந்த வளைவின் வழியே ஓடும். இதற்குக் 'கார்விங்' என்று பெயர். இதில் வேகம் அதிகம் குறையாது. பனியில் இரண்டு மெல்லிய கோடுகள் மட்டுமே மிஞ்சும்.

இரு சக்கர வாகனம் ஓட்டுபவர் வளைவில் உட்பக்கம் சாய்வதைப் போலவே பனிச்சறுக்கு வீரரும் சாய்கிறார். ஆனால் அவர் உடல் முழுவதையும் ஒரே கோடாகச் சாய்ப்பதில்லை. இடுப்புக்குக் கீழே கால்கள் வளைவின் உட்பக்கம் சாய, மேலுடல் ஓரளவு நிமிர்ந்து வெளிப்பக்கப் பலகையின் மேல் நிலைக்கிறது. எடையின் பெரும்பங்கை அந்த வெளிப்பக்கப் பலகைதான் தாங்குகிறது.

வாகனப் பந்தயத்தோடு ஒப்பிட்டால் இன்னொரு வேறுபாடும் தெளிவாகும். பூவிருந்தவல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில், ஓட்டுநர் வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து, வளைவுக்குள் நுழைந்து, வெளியேறும்போது மீண்டும் வேகமெடுக்கிறார். பனிச்சறுக்கு வீரரிடம் தனியே பிரேக் கிடையாது. திருப்பமே அவருக்கு பிரேக். திருப்பமே அவருக்குத் திசைமாற்றி. வேகத்தைக் குறைக்கத் திரும்புவதா, வேகத்தைக் காத்துக்கொண்டு திரும்புவதா என்ற கேள்வி இதிலிருந்து பிறக்கிறது. பின்வரும் நூற்றைம்பது ஆண்டுகளின் மாற்றங்கள் அனைத்தும் இந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்தன.

நார்வே: டெலிமார்க்கும் கிறிஸ்டியானியாவும்

வட ஐரோப்பாவில் பனிச்சறுக்குப் பலகை பல்லாயிரம் ஆண்டுகளாகப் பயணத்துக்கும் வேட்டைக்கும் பயன்பட்டு வந்தது. அதை விளையாட்டாக மாற்றியவர்களில் முதன்மையானவராகக் கருதப்படுபவர் நார்வேயின் டெலிமார்க் பகுதியில் மோர்கெடால் ஊரைச் சேர்ந்த சோன்ரே நோர்ஹைம் (1825–1897). அவர் காலுக்கும் பலகைக்கும் இடையிலான கட்டை இறுக்கமாக்கினார். இடை ஒடுங்கிய பலகைகளைச் செய்தார். கால்விரல் மட்டும் கட்டப்பட்டிருந்த பழைய முறையில் பலகையைக் காலால் திருப்புவது கடினம். குதிகாலையும் சுற்றிக் கட்டியதால், குதித்து இறங்கவும் திரும்பவும் முடிந்தது.

1868ஆம் ஆண்டு நோர்ஹைம் தலைநகர் கிறிஸ்டியானியாவில் நடந்த போட்டியில் கலந்துகொண்டு வென்றார். அன்றைய கிறிஸ்டியானியாதான் இன்றைய ஆஸ்லோ. அங்கிருந்து இரண்டு திருப்பங்கள் பெயர் பெற்றன. ஒரு காலை முன்னே நீட்டி, மற்றொரு முழங்காலைத் தாழ்த்தி, இரு பலகைகளையும் ஒரு நீண்ட வளைவாக்கித் திரும்புவது டெலிமார்க் திருப்பம். இரு பலகைகளையும் ஏறத்தாழ இணையாக வைத்து வழுக்கித் திரும்புவது கிறிஸ்டியானியா திருப்பம். இரண்டாவதன் சுருக்கமே பின்னர் பனிச்சறுக்குப் பள்ளிகளில் வழங்கிய 'கிறிஸ்டி' என்ற சொல். 'ஸ்லாலம்' என்பதும் சரிவையும் தடத்தையும் குறிக்கும் நார்வேச் சொற்களிலிருந்து வந்ததே.

நார்வேயின் மலைகள் பெரும்பாலும் அகன்று, மென்மையாகச் சரிபவை. அங்கே பனிச்சறுக்கு என்றால் நெடுந்தூர ஓட்டமும் தாவலும்தான். திருப்பம், தாவி இறங்கியபின் நிற்பதற்கான ஒரு வழியாகவே பார்க்கப்பட்டது. செங்குத்தான ஆல்ப்ஸ் சரிவுகளுக்கு அது போதவில்லை.

லிலியன்ஃபெல்ட்: ஸ்டார்ஸ்கியின் பாடம்

1890களில் ஆஸ்திரியாவின் லிலியன்ஃபெல்ட் அருகே தனித்து வாழ்ந்த மதியாஸ் ஸ்டார்ஸ்கி (1856–1940) என்பவர், கிரீன்லாந்தைக் கடந்த நான்சனின் பயண நூலால் தூண்டப்பட்டு, நார்வேயிலிருந்து பலகைகளை வரவழைத்தார். நீளமான அந்தப் பலகைகள் செங்குத்துச் சரிவுக்கு ஒவ்வவில்லை. அவர் பலகையைக் குட்டையாக்கினார். கால் பக்கவாட்டில் அசையாதபடி உலோகக் கட்டு ஒன்றை வடிவமைத்தார். பலகைகளின் பின்முனைகளை அகற்றி வைத்து, எடையை ஒரு பலகையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றித் திரும்பும் முறையை ஒழுங்கான பாடமாக எழுதி வெளியிட்டார். ஒற்றை ஊன்றுகோலே அவர் முறையின் அடையாளம்.

1905 மார்ச்சில் லிலியன்ஃபெல்டின் முக்கன்கோகல் மலையில் அவர் ஒரு வாயில் ஓட்டத்தை நடத்தினார். 85 வாயில்கள் வழியே 24 பேர் இறங்கினர். எந்தச் சரிவிலும் விழாமல், கட்டுப்பாட்டோடு இறங்கலாம் என்று காட்டுவதே அவருடைய நோக்கம். பாதுகாப்பான இறக்கம் என்பதே ஸ்டார்ஸ்கிக்குத் திருப்பத்தின் பொருள். அவருடைய பாடத்தின் வலிமையும் எல்லையும் அதுவே.

ஆர்ல்பெர்க்: ஷ்னைடரின் பள்ளி

ஸ்டார்ஸ்கியின் மெதுவான முறையை வேகத்துக்கு ஏற்றதாக மாற்றியவர் ஹன்னஸ் ஷ்னைடர் (1890–1955). ஆர்ல்பெர்க் மலைப்பகுதியைச் சேர்ந்த அவர் 1907 முதல் செயின்ட் ஆன்டன் ஊரில் பனிச்சறுக்கு கற்பித்தார். முழங்காலை மடக்கி, உடலை முன்னால் தாழ்த்தி, ஒரு பலகையைச் சற்றே விரித்துத் திருப்பத்தைத் தொடங்கி, பின் இரண்டையும் இணைத்து முடிப்பது அவருடைய 'ஸ்டெம் கிறிஸ்டி'.

ஷ்னைடரின் இன்னொரு பங்களிப்பு கற்பிக்கும் முறை. கலப்பையின் வடிவில் பலகைகளை வைத்து மெல்ல இறங்குவது, பின் அதே நிலையில் திரும்புவது, பின் ஸ்டெம் கிறிஸ்டி என்று படிப்படியான வகுப்புகளை அவர் அமைத்தார். மாணவர்கள் திறனுக்கேற்பப் பிரிக்கப்பட்டனர். 1920களில் இயக்குநர் ஆர்னால்டு ஃபாங்க்கின் மலைத் திரைப்படங்களில் அவர் தோன்றியதால் ஆர்ல்பெர்க் முறை உலகெங்கும் பரவியது. இன்றும் பனிச்சறுக்குப் பள்ளிகளில் முதல் நாள் பாடம் ஏறத்தாழ அவர் வகுத்த வரிசையில்தான் தொடங்குகிறது.

சென்னையிலிருந்து ஆல்ப்ஸ் வரை

இந்த வரலாற்றில் சென்னை நுழைவது ஒரு மதப்பணிக் குடும்பத்தின் வழியாக. வெஸ்லியன் மெதடிஸ்ட் சபையின் மருத்துவப் பணியாளராக ஹென்றி லன் (1859–1939) 1887இல் இந்தியாவுக்கு வந்தார். அவருடைய மூத்த மகன் ஆர்னால்டு 1888 ஏப்ரல் 18 அன்று சென்னையில் பிறந்தார். உடல்நலக் குறைவால் ஹென்றி அந்த ஆண்டே நாடு திரும்பினார். இந்தியாவில் மதப்பணியாளர்கள் வாழும் விதத்தைப் பற்றி அவர் எழுப்பிய விமரிசனங்கள் 1890ஐ ஒட்டிச் சபைக்குள் பெரும் சர்ச்சையாயின. பின்னர் அவர் அந்தப் பணியை விட்டு விலகினார். கிறித்தவச் சபைகளின் ஒற்றுமைக்காக சுவிட்சர்லாந்தின் கிரிண்டல்வால்டில் அவர் கூட்டிய மாநாடுகள் படிப்படியாகப் பயண நிறுவனமாக வளர்ந்தன. குளிர்காலத்தில் ஆங்கிலேயரைச் சுவிட்சர்லாந்துக்கு அழைத்துச் செல்லும் தொழில் அவருடையதாயிற்று.

கைக்குழந்தையாகவே சென்னையை விட்டுச் சென்ற ஆர்னால்டின் விளையாட்டு வாழ்வில் இந்த நகரம் எதையும் விதைத்திருக்க முடியாது. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என்று மேற்கே விரியும் சமவெளியில் குன்றுகள்கூட அரிது. தந்தையின் சென்னைப் பணி முறிந்ததே மகனை ஆல்ப்ஸுக்குக் கொண்டு சேர்த்தது என்பதுதான் தொடர்பு.

இரண்டாவது தொடர்பு ராணுவ வழியில் வந்தது. 1880இல் காபூலிலிருந்து காந்தஹாருக்குப் படையை நடத்திச் சென்று புகழ்பெற்ற பிரெடரிக் ராபர்ட்ஸ், 1881 முதல் 1885 வரை மதராஸ் படையின் தலைமைத் தளபதியாக இருந்தார். பூவிருந்தவல்லி அப்போது அந்தப் படையின் முகாம்களில் ஒன்று. பிற்காலத்தில் 'காந்தஹாரின் ராபர்ட்ஸ் பிரபு' ஆன அவர், லன் குடும்பம் நடத்திய பனிச்சறுக்குப் போட்டிக்குத் தம் பெயரில் கோப்பை வழங்கினார். 1911 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் மொன்டானாவில் அந்தக் கோப்பைக்கான முதல் ஓட்டம் நடந்தது. போட்டியாளர்கள் மலைக்குடிலில் இரவு தங்கி, பிளேன் மோர்ட் பனியாற்றைக் கடந்து, தயார் செய்யப்படாத பனியில் பள்ளத்தாக்கு வரை இறங்கினர். டவுன்ஹில் பந்தயத்தின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாக அது கருதப்படுகிறது. இப்படித்தான் ஓர் ஆப்கானிய நகரத்தின் பெயர் ஆல்ப்ஸ் மலையில் ஒட்டிக்கொண்டது.

அழகா, கடிகாரமா

ஆர்னால்டு லன் 1908இல், இருபது வயதில், ஆல்பைன் ஸ்கீ கிளப்பை நிறுவினார். அடுத்த ஆண்டு வேல்ஸ் நாட்டு மலை ஒன்றில் ஏறும்போது விழுந்து அவருடைய வலது கால் நொறுங்கியது. கால் சில அங்குலம் குட்டையாகி நிலைத்துவிட்டது. அதன் பின்னும் அவர் மலையேறினார். 1917இல் வழிகாட்டி யோசப் கினூபலுடன் சுவிட்சர்லாந்தின் டோம் சிகரத்துக்குப் பனிச்சறுக்குப் பலகைகளோடு முதன்முதலாக ஏறினார். முதல் உலகப் போரில் படையில் சேரத் தகுதியற்றவர் என ஒதுக்கப்பட்டு, மியூரெனில் தங்கவைக்கப்பட்டிருந்த போர்க்கைதிகளிடையே பணிபுரிந்தார். அந்த மலையூரே பின்னர் அவருடைய சோதனைக்களமாயிற்று.

அன்று திருப்பத் திறனைச் சோதிக்கப் பாணிப் போட்டிகள் நடந்தன. நடுவர்கள் சரிவோரம் நின்று, டெலிமார்க் எப்படி அமைந்தது, கிறிஸ்டியானியா எப்படி அமைந்தது என்று பார்த்து மதிப்பெண் இட்டனர். எந்தப் பள்ளியில் பயின்றவர் நடுவராக இருக்கிறாரோ அந்தப் பள்ளியின் பாணி வென்றது. புதிய முறை ஒன்றைக் கண்டுபிடித்தவர் அது பயனுள்ளது என்று நிரூபிக்க வழியே இல்லை. நார்வே முறை சிறந்ததா, லிலியன்ஃபெல்ட் முறை சிறந்ததா என்ற வாதம் ஆண்டுக்கணக்கில் தாளில் நடந்துகொண்டிருந்தது.

லன் இதை வேறு விதமாகப் பார்த்தார். மலையில் ஒருவர் ஏன் திரும்புகிறார்? மரமோ பாறையோ எதிர்ப்படுவதால். அப்படியானால் தடையைச் சுற்றிக்கொண்டு மிகக் குறைந்த நேரத்தில் போவதே நல்ல திருப்பம். பார்க்க அழகற்றதாக இருந்தாலும் விரைவான திருப்பமே மேல் என்பது அவருடைய முடிவு. காட்டுச்சரிவில் மரங்கள் தரும் சோதனையைத் திறந்த சரிவில் உண்டாக்க, இரட்டைக் கொடிகளை வாயில்களாக நட்டார். ஒவ்வொரு வாயிலின் வழியாகவும் செல்ல வேண்டும். எப்படிச் செல்வது என்பது வீரரின் விருப்பம். நேரம் மட்டுமே தீர்ப்பு. 1922 ஜனவரி 21 அன்று மியூரெனில் இந்த விதிப்படி முதல் ஸ்லாலம் ஓட்டம் நடந்தது.

ஸ்டார்ஸ்கியின் 1905 ஓட்டத்துக்கும் இதற்கும் தோற்றத்தில் ஒற்றுமை உண்டு. வேறுபாடு, வாயில்களின் இடம் எதைச் சோதிக்கிறது என்பதில் இருந்தது. லன் வாயில்களை வெவ்வேறு இடைவெளியிலும் கோணத்திலும் அமைத்தார். நீண்ட வளைவு, குறுகிய வளைவு, திடீர்த் திசைமாற்றம் அனைத்தும் ஒரே ஓட்டத்தில் வந்தன. வீரர் முன்கூட்டியே பாதையைப் பார்த்து, எங்கே திருப்பத்தைத் தொடங்குவது என்று திட்டமிட வேண்டியிருந்தது. வாயிலை நெருங்கியபின் திரும்பத் தொடங்குபவர் அடுத்த வாயிலுக்குத் தாமதமாகவே வருவார். வாயிலுக்கு மேலேயே திருப்பத்தைத் தொடங்குவது என்ற இன்றைய பயிற்சியாளர்களின் முதல் அறிவுரை, இந்தக் கடிகாரம் கற்றுத்தந்த பாடம்.

காந்தஹார் கிளப்பும் உலக ஏற்பும்

1923இல் பெண்களுக்கான லேடீஸ் ஸ்கீ கிளப்பும், 1924 ஜனவரியில் மியூரெனில் காந்தஹார் ஸ்கீ கிளப்பும் தொடங்கப்பட்டன. இரண்டிலும் லன் முன்னின்றார். 1928 மார்ச்சில் அவரும் ஷ்னைடரும் இணைந்து செயின்ட் ஆன்டனில் ஆர்ல்பெர்க்-காந்தஹார் போட்டியைத் தொடங்கினர். டவுன்ஹில், ஸ்லாலம் இரண்டின் முடிவையும் சேர்த்து வெற்றியாளரைத் தீர்மானித்த அந்தப் போட்டி, ஆல்பைன் பந்தயத்தின் முன்மாதிரியாயிற்று.

வட ஐரோப்பிய நாடுகள் எளிதில் இசையவில்லை. நெடுந்தூர ஓட்டமும் தாவலுமே உண்மையான பனிச்சறுக்கு என்பது அவர்களுடைய மரபு. 1924இல் உருவான பன்னாட்டுப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு, 1930இல் ஆஸ்லோவில் கூடியபோதுதான் டவுன்ஹில், ஸ்லாலம் ஓட்டங்களை ஏற்றது. டெலிமார்க்கும் கிறிஸ்டியானியாவும் புகழ்பெற்ற அதே நகரில் அந்த முடிவு எடுக்கப்பட்டது. 1931இல் மியூரெனில் முதல் உலகப் போட்டி நடந்தது. பெண்களும் அதில் பங்கேற்றனர். பிரிட்டனின் எஸ்மே மெக்கின்னன் பெண்களுக்கான டவுன்ஹில், ஸ்லாலம் இரண்டிலும் வென்றார். 1936 கார்மிஷ் ஒலிம்பிக்கில் இரண்டும் சேர்ந்த கூட்டுப் போட்டியாக ஆல்பைன் பனிச்சறுக்கு முதன்முறையாக இடம்பெற்றது. 1948இல் டவுன்ஹில்லும் ஸ்லாலமும் தனித்தனிப் பதக்கம் பெற்றன. 1952இல் ஜெயன்ட் ஸ்லாலமும், 1988இல் சூப்பர்-ஜியும் சேர்ந்தன.

இந்த வளர்ச்சியின் நடுவே 1938 வந்தது. மார்ச் மாதம் நாஜி ஜெர்மனி ஆஸ்திரியாவைக் கைப்பற்றியதும் ஷ்னைடர் கைது செய்யப்பட்டார். ஆர்ல்பெர்க்-காந்தஹார் போட்டி செயின்ட் ஆன்டனில் நடைபெறவிருந்த நேரம் அது. நண்பர் சிறையில் இருக்கும்போது அவருடைய ஊரில் பந்தயம் நடத்த லன் மறுத்தார், போட்டி நிறுத்தப்பட்டது. 1939இல் ஷ்னைடர் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள நார்த் கான்வே ஊருக்குக் குடிபெயர்ந்து அங்கே கற்பிக்கத் தொடங்கினார். ஆர்ல்பெர்க் திருப்பம் அமெரிக்காவில் வேரூன்ற இதுவும் ஒரு காரணம். லன்னுக்கு 1952இல் சர் பட்டம் வழங்கப்பட்டது.

கடிகாரம் மாற்றிய நுட்பங்கள்

நேரம் மட்டுமே தீர்ப்பு என்று ஆனபின் நுட்பம் விரைவாக மாறத் தொடங்கியது. யாருடைய பாணி என்று எவரும் கேட்கவில்லை. எத்தனை விநாடி என்றே கேட்டனர்.

முதல் பெரிய மாற்றம் ஆஸ்திரியாவின் அன்டன் ஸீலோஸிடமிருந்து வந்தது. பலகையை விரிக்காமலே, உடல் எடையை ஒரு கணம் இலேசாக்கி, இரு பலகைகளையும் இணையாகத் திருப்பினார். 1933, 1935 உலகப் போட்டிகளில் ஸ்லாலம் பட்டம் அவருடையது. சம்பளம் பெறும் பயிற்சியாளர்களுக்கு ஒலிம்பிக்கில் இடமில்லை என்பதால் 1936இல் அவர் போட்டியிட முடியவில்லை. தடத்தைச் சோதிக்கும் முன்னோட்ட வீரராக இறங்கியபோது, வெற்றி பெற்றவரைவிட விரைவாக முடித்தார். பிரான்சின் எமில் அலே இணைத் திருப்பத்தை ஒரு தேசியப் பாடமுறையாக வளர்த்தார். 1937 உலகப் போட்டியில் மூன்று பட்டங்களையும் அவரே வென்றார்.

கருவிகளும் இதற்கு வழிவிட்டன. ஆஸ்திரியாவின் ருடால்ஃப் லெட்னர் 1920களின் பிற்பகுதியில் மரப்பலகையின் ஓரத்தில் உலோக விளிம்பைப் பொருத்தினார். கடினப் பனியிலும் பலகை பிடித்து நின்றது. 1930ஐ ஒட்டி சுவிட்சர்லாந்தின் கீடோ ரூஜ் உருவாக்கிய கம்பிக் கட்டு, குதிகாலைப் பலகையோடு அழுத்திப் பிடித்தது. அதற்கு அவர் வைத்த பெயர் 'காந்தஹார்'. குதிகாலை அப்படி அழுத்திப் பிடித்த நிலையில் டெலிமார்க் திருப்பம் இயலாது. இணைத் திருப்பம் எளிதாயிற்று. கட்டு மாறியபோது திருப்பமும் மாறியது.

1950களில் ஆஸ்திரியாவின் ஸ்டெஃபான் க்ருக்கன்ஹவுசர் 'வேடெல்ன்' என்ற குறுந்திருப்ப முறையைப் பாடமாக்கினார். மேலுடல் அசையாமல் கால்கள் மட்டும் இடமும் வலமுமாக ஆடும் முறை அது. பிரான்சின் ஷான் வுவார்னே 1960 ஸ்குவா வேலி ஒலிம்பிக்கில் உலோகப் பலகைகளில் டவுன்ஹில் தங்கம் வென்றார். பின்னர் ஜார்ஜ் ஜூபேருடன் சேர்ந்து, மேட்டைக் கடக்கும்போது முழங்காலை மடக்கி அழுத்தத்தை விழுங்கும் முறையை விளக்கினார்.

தொடக்கத்தில் ஸ்லாலம் கம்பங்கள் மூங்கிலால் ஆனவை. மூங்கிலில் மோதினால் வலியும் நேர இழப்பும் மிஞ்சும். எனவே வீரர்கள் உடலோடு கம்பத்தைச் சுற்றிச் சென்றனர். 1980களின் தொடக்கத்தில் அடியில் கீல் பொருத்திய, மோதினால் மடங்கி எழும் பிளாஸ்டிக் கம்பங்கள் வந்தன. கால்கள் மட்டும் கம்பத்தைச் சுற்ற, உடல் கம்பத்துக்கு உட்பக்கமாகப் போக முடிந்தது. கையாலும் முன்காலாலும் கம்பத்தைத் தட்டிச் செல்லும் இன்றைய காட்சி அப்போது தொடங்கியதே. பாதை நேராகியது, நேரம் குறைந்தது, கால்காப்பும் முகக்காப்பும் கட்டாயத் தேவையாயின.

1993இல் ஸ்லோவேனியாவின் ஏலான் நிறுவனம், இடை மிக ஒடுங்கிய எஸ்.சி.எக்ஸ். பலகைகளை வெளியிட்டது. பலகையைச் சாய்த்தாலே அது திரும்பியது. தலைசிறந்த வீரர்களுக்கே கைகூடிய கார்விங் திருப்பம், வார விடுமுறைக்கு வருபவருக்கும் எட்டியது. ஆனால் விரைவும் வளைவும் சேர்ந்தபோது முழங்கால் மேல் விழும் விசையும் கூடியது. காயங்களைக் குறைக்க, ஆண்களுக்கான ஜெயன்ட் ஸ்லாலம் பலகைகளின் குறைந்தபட்ச வளைவு ஆரத்தைக் கூட்டமைப்பு 2012இல் 35 மீட்டராக உயர்த்தியது. பின்னர் அது 30 மீட்டராகத் தளர்த்தப்பட்டது. கடிகாரத்துக்கு ஓர் எல்லையை விதிதான் போட வேண்டியிருந்தது.

லன்னுக்கும் தம் கண்டுபிடிப்பின் விளைவு முழு நிறைவைத் தரவில்லை. மலையேற்றமும் பல வகைப் பனியை அறிவதும் பனிச்சறுக்கின் உயிர் என்று கருதியவர் அவர். இயந்திரத் தூக்கிகளும் அழுத்திச் சமமாக்கிய தடங்களும் அந்த அறிவை மங்கச் செய்யும் என்று கவலைப்பட்டார். பந்தயத்துக்காகத் தடங்களைக் கெட்டியாக்கும் பழக்கம் பரவ அவருடைய ஸ்லாலமே ஒரு காரணம் என்பது இந்த வரலாற்றின் முரண்.

இந்தியச் சரிவுகளில்

இந்தியாவில் பனிச்சறுக்கு காஷ்மீரின் குல்மார்க்கில் அமைப்பு வடிவம் பெற்றது. அங்கே 1927இல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் ஸ்கீ கிளப் ஆஃப் இந்தியாவைத் தொடங்கினர். விடுதலைக்குப் பின் ராணுவத்தின் பயிற்சிப் பள்ளி 1948இல் அங்கே உருவாகி, பின்னர் உயர்மலைப் போர்ப்பள்ளியாக வளர்ந்தது. இந்தியப் பனிச்சறுக்கு வீரர்கள் பலர் அதன் வழியாக வந்தவர்கள். உத்தராகண்டின் ஔலியும் இமாச்சலப் பிரதேசத்தின் சோலாங் பள்ளத்தாக்கும் மற்ற முக்கியப் பயிற்சி இடங்கள்.

1964 இன்ஸ்புருக் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகக் கலந்துகொண்ட ஜெரிமி புஜகோவ்ஸ்கி ஆல்பைன் வீரரே. 1988 கால்கரியில் ஷைலஜா குமார், குளிர்கால ஒலிம்பிக்கில் பங்கேற்ற முதல் இந்தியப் பெண்ணானார். மகளிர் ஸ்லாலம் ஓட்டத்தை முடித்து 28ஆம் இடம் பெற்றார். 2018 ஜனவரியில் துருக்கியில் நடந்த பன்னாட்டுப் போட்டியில் ஆஞ்சல் தாக்கூர் ஸ்லாலத்தில் வெண்கலம் வென்றார். 2022 பெய்ஜிங்கில் இந்தியாவின் ஒரே வீரரான ஆரிஃப் கான் ஜெயன்ட் ஸ்லாலத்தில் 45ஆம் இடம் பெற்றார். ஸ்லாலம் ஓட்டத்தை முடிக்க இயலவில்லை.

இந்த இடங்களை மதிப்பிடும்போது நுட்பத்தின் தன்மையை நினைவில் கொள்ள வேண்டும். திருப்பம் பல்லாயிரம் முறை திரும்பினால்தான் உடலில் படியும். ஆல்ப்ஸ் நாட்டுக் குழந்தை நடக்கக் கற்ற சில ஆண்டுகளிலேயே வாயில்களுக்கிடையே சறுக்குகிறது. கோடையில் பனியாற்றுச் சரிவுகளில் பயிற்சி தொடர்கிறது. இந்திய வீரருக்குக் கிடைப்பதோ சில மாதப் பருவம், குறைவான தூக்கிகள், பந்தயத்துக்கேற்பக் கெட்டியாக்கப்படாத மென்பனி. லன் கொண்டுவந்த கடிகாரம் பாணியைப் பார்ப்பதில்லை. அதேபோல் யாருக்கு எவ்வளவு பனி கிடைத்தது என்பதையும் அது பார்ப்பதில்லை.

இன்றைய பயிற்சியில் எஞ்சியவை

இன்று பனிச்சறுக்கு கற்கும் ஒருவர் சில நாட்களில் இந்த வரலாறு முழுவதையும் தம் கால்களால் கடக்கிறார். முதல் நாள் கலப்பை நிலை. அது ஸ்டார்ஸ்கியும் ஷ்னைடரும் தந்தது. பின் எடையை வெளிப்பலகைக்கு மாற்றித் திரும்பப் பழகுவார். குறுக்காக நின்று விளிம்பைத் தளர்த்திப் பக்கவாட்டில் வழுக்கும் பயிற்சி, விளிம்பைப் பற்றிய உணர்வைத் தரும். அடுத்தது ஸீலோஸ் வழிவந்த இணைத் திருப்பம். கடைசியாக விளிம்பின் மேல் முழுவதும் ஓடும் கார்விங்.

பயிற்சியாளர்கள் திருத்தும் பிழைகளும் பெரும்பாலும் பழையவையே. அச்சத்தில் பின்னால் சாய்ந்தால் பலகையின் முன்பகுதி பனியைப் பிடிக்காது. தோளைச் சுழற்றித் திரும்ப முயன்றால் கால்கள் பின்தங்கும். மலைப்பக்கம் சாய்ந்தால் வெளிப்பலகை எடையிழந்து வழுக்கிவிடும். காலருகே பார்ப்பவருக்கு அடுத்த திருப்பம் எப்போதும் தாமதம்தான். இவற்றைச் சரிசெய்ய இன்றும் சரிவில் சில குட்டைக் கம்பங்களை நட்டு, நேரம் குறித்து, மாணவரை இறங்கச் சொல்கின்றனர். திருப்பம் சரியா என்பதை ஆசிரியர் சொல்வதற்கு முன்பே கடிகாரம் சொல்லிவிடுகிறது. சென்னையில் பிறந்து, ஒரு கால் குட்டையான நிலையில் மியூரென் சரிவில் கொடிகளை நட்ட மனிதர் விட்டுச்சென்ற முறை அதுவே.